பிராக்கோவை நம்பி ஏமாந்தவன் கேட்கிறேன்: மார்லீஸ் ஹொக்கிப் பெடியங்களில் மேலே போகப்போவது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்காபரோ சிவா (வெள்ளி, இரவு 10:12)

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

நானும் மச்சானும் பத்து வருசத்துக்கு மேலாக மார்லீஸ் ஆட்டத்துக்குப் போகிறோம். (மார்லீஸ் என்றால் ரொறன்ரோவின் என்எச்எல் ஐஸ் ஹொக்கி அணியான லீஃப்ஸின் கீழ் அணி, என்எச்எல்லுக்கு ஒரு படி கீழான ஏஎச்எல் லீக்கில் ஆடுகிறது.) லீஃப்ஸ் ரிக்கெற் ஒன்று வாங்குகிற காசில் எக்சிபிஷன் பிளேஸில் இருக்கிற மார்லீஸ் அரங்கான கொலிசியத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது வெளியே சாப்பிட்டுவிட்டும் வரலாம். 2018இல் ஏஎச்எல் கோப்பையான கால்டர் கப் இறுதி, டெக்சஸ் ஸ்டார்ஸோடு ஏழாவது ஆட்டம். நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்.

அடுத்த சீசனில்தான் வினை பிடித்தது. ஜெரமி பிராக்கோ என்ற பெடியன் 79 புள்ளி எடுத்தான் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழி செய்த பாஸான அசிஸ்ட்டுக்கு ஒன்று). முழு ஏஎச்எல்லிலும் அவனுக்கு மேலே ஒரே ஒருவன்தான் நின்றான். வயது 22. அணிகள் முறைவைத்து இளம் பெடியங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் லீஃப்ஸ் 2015இல் இரண்டாம் சுற்றில் 61ஆவதாக எடுத்த ஆள். "இரண்டு வருசத்தில் இவன் லீஃப்ஸ் நட்சத்திரம் மத்தியூஸுக்குப் பாஸ் கொடுப்பான்" என்று சொன்னேன். "கொடுக்கமாட்டான்" என்றான் மச்சான். இரண்டு குடும்பத்துக்கும் கொத்துரொட்டி என்று பந்தயம். பிராக்கோ இன்றுவரை ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடவில்லை. ஐரோப்பாவுக்குப் போய்விட்டான்.

கொத்துரொட்டிக் காசு போனால் போகட்டும். அந்த வருசம் 82 புள்ளியோடு அவனுக்கு மேலே நின்றவன் யார் தெரியுமா? டாம்பாவின் ஏஎச்எல் அணியான சிரக்யூஸ் கிரஞ்சில் ஆடிய கார்ட்டர் வெர்ஹேகி. 2020இல் டாம்பாவோடு ஒரு ஸ்டான்லி கப் (என்எச்எல் கோப்பை), பிறகு ஃபுளோரிடாவோடு 2024இலும் 2025இலும். 2022-23இல் 42 கோல். இன்னும் எரிச்சலாக இருக்கவேண்டும் என்றால், 2013இல் அவனை டிராஃப்டில் எடுத்ததே லீஃப்ஸ்தான். பிறகு ஒரு வியாபாரத்தில் கொசுறாகக் கொடுத்துவிட்டார்கள்.

82க்கும் 79க்கும் இடையில் மூன்று புள்ளி. அந்தப் பக்கம் மூன்று கப், இந்தப் பக்கம் ஒரு ஆட்டமும் இல்லை. நான் எதைப் பார்த்திருக்கவேண்டும்? இப்போது மச்சான் லீஃப்ஸ் எடுத்த இளம் பெடியன் ஈஸ்டன் கோவனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்த முறை அவனோடு மோத முதல் கொஞ்சம் விவரம் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன்.

பனிக்கட்டி பாலா (வெள்ளி, இரவு 11:03)

சிவா சார், வாங்க. எனக்குப் பிடித்த தலைப்பு.

நீங்கள் செய்த தவறு மொத்தப் புள்ளியைப் பார்த்தது. வெர்ஹேகியின் 82இல் 34 கோல். பிராக்கோவின் 79இல் 22 கோல்தான், மீதி 57 அசிஸ்ட். அதிலும் நிறைய பவர் பிளேயில் வந்தவை. எதிரணியில் ஒரு ஆள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது ஓரத்தில் நின்று பக்கை (ஆடும் வட்டை) வைத்துக்கொண்டு நிதானமாக யோசிப்பது வேறு, ஐந்துக்கு ஐந்து ஆடும்போது அடித்துப் பறித்துக் கோல் போடுவது வேறு.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. முதலில் வயது. இருபது, இருபத்தொன்றில் ஏஎச்எல்லுக்கு வந்த முதல் வருஷமே ஆட்டத்துக்கு ஒரு புள்ளியை நெருங்கினால் நிமிர்ந்து உட்காருவேன். இருபத்தாறு வயதுக்காரர் அதே எண்ணைக் காட்டினால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அப்புறம் ஐந்துக்கு ஐந்து புள்ளி, அப்புறம் ஷாட் எண்ணிக்கை. கோல் ஒரு சீசன் அதிர்ஷ்டத்தில் வரும், ஒரு சீசன் வராது. வாரத்துக்கு மூன்று ஆட்டம், ஒவ்வொன்றிலும் நாலு ஷாட் அடிக்கிறார் என்றால் அது அதிர்ஷ்டம் இல்லை.

இதற்கென்று ஒரு கணக்கும் உண்டு. கேப்ரியல் டெஸ்ஜார்டின்ஸ் என்பவர் இருபது வருஷத்துக்கு முன்பு போட்டது. ஒரு லீக்கிலிருந்து என்எச்எல்லுக்குப் போனவர்கள் தங்கள் பழைய புள்ளியில் எவ்வளவைக் கூடவே எடுத்துப் போனார்கள் என்று பார்ப்பது. ஏஎச்எல் புள்ளி மேலே போனால் பாதிக்கும் கீழே கரைந்துவிடும். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: அது மேலே போனவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. பிராக்கோ மாதிரி ஆட்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது.

மொன்றியல் குமார் (வெள்ளி, இரவு 11:40)

பாலா, கோல்தான் சூத்திரம் என்றால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

அதே வருசம், அதே சிரக்யூஸ் அணி. வெர்ஹேகி 34 கோல். அவனுக்குச் சமமாக 34 கோல் போட்ட இன்னொருவன் அலெக்ஸ் பாரே-பூலே. அவனுக்கு அது ஏஎச்எல்லில் முதல் வருசம், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் அவனுக்குத்தான். உங்கள் சூத்திரப்படி வயது சரி, கோல் சரி, முதல் வருசம் சரி. என்ன ஆனது? 2021இல் டாம்பா அவனை வெய்வர்ஸில் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில்) போட, சியாற்றில் அணி எடுத்தது. சில வாரத்தில் சியாற்றில் அணியும் போட, டாம்பாவே திரும்ப எடுத்தது. என்எச்எல்லில் ஒரு முழு சீசன்கூட நிலைக்கவில்லை. 2024-25இல் எங்கள் மொன்றியலின் ஏஎச்எல் அணியான லவால் றொக்கெட்டில் ஆடினான். லவாலின் பிளாஸ் பெல் அரங்கில் நேரில் பார்த்தேன். அந்த லீக்கில் அவன் ஆடுவதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஆடுவது மாதிரி இருக்கும். ஆனால் மேலே போனால் காணாமல் போகிறான்.

(லீஃப்ஸ்காரர்களிடம் ப்ராஸ்பெக்ட் (வளரும் பெடியன்) பற்றிப் பாடம் கேட்கும் நிலைமை எங்களுக்கு இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். லேன் ஹட்சன், 62ஆவது தேர்வு, ஏஎச்எல் பக்கமே போகாமல் என்எச்எல்லின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது.)

பனிக்கட்டி பாலா (வெள்ளி, இரவு 11:52)

கடைசி வரி தேவையா குமார்?

சரி, பாரே-பூலே என் சூத்திரத்தில் விழுந்த பெரிய பொத்தல், ஒத்துக்கொள்கிறேன். அதுபோல இன்னொன்று நானே தருகிறேன். 2011-12 நார்ஃபோக் அட்மிரல்ஸ், டாம்பாவின் அன்றைய ஏஎச்எல் அணி. ஜான் கூப்பர் பயிற்சி. தொடர்ந்து 28 ஆட்டம் ஜெயித்து, கால்டர் கப்பும் அடித்தார்கள். அந்த அணியின் நாயகன் கோரி கோனாக்கர்: 39 கோல், 80 புள்ளி, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. அதே அணியில் ஏழாவது சுற்றில் 208ஆவதாக எடுத்த ஓண்ட்ரே பாலாட் என்று ஒருத்தர் இருந்தார். கோனாக்கர் எடுத்ததில் பாதிப் புள்ளிகூட இல்லை. இன்றைக்குப் பாலாட்டிடம் இரண்டு ஸ்டான்லி கப் இருக்கிறது, பத்து வருஷத்துக்கு மேல் என்எச்எல்லில் ஆடிவிட்டார். கோனாக்கர் டாம்பாவில் நன்றாகத்தான் தொடங்கினார். சில மாதத்தில் ஒட்டாவாவுக்குக் கொடுத்து கோல்காப்பாளர் பென் பிஷப்பை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் எங்கும் நிலைக்கவில்லை.

அந்த வருஷம் என்னிடம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கோனாக்கர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ரிங்க்காரன் (சனி, அதிகாலை 2:31)

இரவு வேலை முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னியுங்கள். நான் நகரசபை அரங்கு ஒன்றில் ஐஸ் மிசின் ஓட்டுகிறவன், 19 வருசம். ஆட்டம் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை என்று மனுசி பகிடி பண்ணுவா.

நீங்கள் எல்லாரும் பக் இருக்கிற இடத்தைப் பார்க்கிறீர்கள். நான் பக் இல்லாத பெடியனைப் பார்ப்பேன். மூலையில் பக் விழுகிறது, எடுக்கப் போகிறான். போகிற வழியில் தோளுக்கு மேலால் எத்தனை தரம் திரும்பிப் பார்க்கிறான்? சாதாரணப் பெடியன் ஒரு தரமும் பார்க்கமாட்டான். நேரே பக்கிடம் போவான், எடுப்பான், பிறகுதான் தலையைத் தூக்கி யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவான். அதற்குள் முதுகில் ஒருவன் வந்து இடித்துவிடுவான். நல்ல பெடியன் இரண்டு தரம் பார்ப்பான். பக் ஸ்டிக்கில் படும்போது எங்கே கொடுப்பது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். கையும் காலும் எல்லாருக்கும் வேகம்தான். இந்தத் திரும்பிப் பார்ப்பதுதான் மேலே போகப் போகக் காசு.

எங்கள் அரங்கில் பயிற்சி எடுத்த பெடியன் ஒருவன், பெயர் வேண்டாம், பதினாறு வயதில் எல்லாருக்கும் சுழற்றிக் காட்டுவான். சனம் தகப்பனைப் பிடித்துக் கைகொடுக்கும். நான் கன்ரீன் பெடியனிடம் சொன்னேன், இவன் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கிறான் இல்லை என்று. ஏஎச்எல்லுக்கும் ஒரு படி கீழான ஈசிஎச்எல் வரைக்கும் போனான், பாவம், அதோடு சரி. அதே அணியில் மூன்றாவது லைனில் (மாறி மாறி இறங்கும் முன்வரிசைக் குழுக்களில் மூன்றாவதில்) ஆடிய ஒல்லிப் பெடியன் அவனைவிட ஒரு படி மேலே போனான்.

பிராக்கோவை நானும் கொலிசியத்தில் பார்த்தேன். பவர் பிளேயில் ஓரத்தில் நின்று பக்கை வைத்துக்கொண்டு கழுத்தை ஆட்டி ஆளை ஏமாற்றுவான், அற்புதமான கை. ஆனால் அவனுக்கு யோசிக்க ஒரு செக்கன் வேண்டும். கொலிசியத்தில் அந்தச் செக்கன் கிடைத்தது. பே ஸ்ட்ரீற்றில் இருக்கிற லீஃப்ஸின் பெரிய அரங்கில் அதைத் தரமாட்டார்கள். வெர்ஹேகிக்கு அந்தச் செக்கனே வேண்டாம், ஓடிக்கொண்டே அடிப்பான்.

இன்னொன்று. ஏஎச்எல்லில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஆட்டம் போடுவார்கள், இடையில் பஸ். யாரையாவது எடை போட வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பீரியட்டுக்குப் போங்கள். கால் செத்த பிறகு எவன் தன் வலைப்பக்கம் திரும்பி ஓடி வருகிறான் என்று பாருங்கள். பயிற்சியாளர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஸ்காபரோ சிவா (சனி, காலை 9:15)

அண்ணை, இதை 2019இல் எழுதியிருந்தால் எனக்குக் கொத்துரொட்டிக் காசு மிஞ்சியிருக்கும்.

கோவில்பட்டி கண்ணன் (சனி, காலை 10:48)

தலைப்பில் ஹாக்கி என்று பார்த்து ஓடி வந்தேன், இங்கே எல்லாம் ஐஸாக இருக்கிறது. எங்கள் ஊரிலும் தெருவுக்கு நாலு பேர் ஹாக்கி ஸ்டிக்கோடுதான் திரிவார்கள், ஆனால் புல்லில்.

ஒரு சந்தேகம், சிரிக்காமல் சொல்லுங்கள். ஏஎச்எல்லில் லீக்கிலேயே இரண்டாவது ஆளாக வருகிறவன் மேலே போக முடியவில்லை என்றால், மேலே அப்படி எத்தனை இடம்தான் இருக்கிறது? திறமை இருந்தால் கூப்பிட மாட்டார்களா?

பனிக்கட்டி பாலா (சனி, காலை 11:30)

சிரிக்கவில்லை கண்ணன் சார், சரியான கேள்வி.

என்எச்எல்லில் 32 அணி. ஒரு அணியில் 23 பேர், ஆட்டத்தன்று களத்தில் 18 பேரும் இரண்டு கோலிகளும் (கோல்காப்பாளர்களும்). ஆனால் ஒரு கிளப் 50 ஒப்பந்தம் வரை வைத்துக்கொள்ளலாம். அதாவது மேலே இருக்கிற 23 பேர் போக, ஏறக்குறைய அதே அளவு ஆட்கள் அந்த இடத்துக்காகக் கீழே காத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் டிராஃப்டில் 7 சுற்று, 224 புதுப் பையன்கள். காலியாகிற இடம் அந்த அளவுக்குக் கிடையாது.

கீழேயும் எல்லாரையும் வைத்திருக்க முடியாது. ஏஎச்எல் விதிப்படி ஆட்டத்துக்கு இறங்கும் 18 பேரில் 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும், அதில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. ஆகவே "பத்து வருஷம் இங்கேயே ஆடிக்கொண்டிருப்பேன்" என்றால் அதற்கும் இடம் கொஞ்சம்தான். அதற்கும் கீழே ஈசிஎச்எல்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். என்எச்எல்லில் 2025-26 சீசனின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டாலர், அதை நாள் கணக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 4,000 டாலர் போல வரும். புதுப் பையன்களின் ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும்: மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் அதில் சின்னப் பங்கு. லீஃப்ஸும் மார்லீஸும் எட்டோபிகோக்கில் ஒரே கட்டடத்தில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். முன்பெல்லாம் சில சமயம் காகிதத்தில் மட்டும் கீழே அனுப்பி, மறுநாள் மேலே கூப்பிடுவார்கள். பையன் அதே லாக்கர் ரூமில்தான் இருப்பான், சம்பளம் மட்டும் ஏறி இறங்கும்.

அப்புறம் வெய்வர்ஸ். இதைப் புரிந்துகொண்டால் பாதி மர்மம் தீர்ந்துவிடும். முதல் சில வருஷம் ஒரு பையனை எத்தனை முறை வேண்டுமானாலும் கீழே அனுப்பலாம், யாரும் பறிக்க முடியாது. 18 வயதில் கையெழுத்திட்டவருக்கு 5 வருஷம் அல்லது 160 ஆட்டம் என்று வைத்திருக்கிறார்கள். அது முடிந்த பிறகு கீழே அனுப்ப வேண்டும் என்றால் மற்ற 31 அணிகளும் "எனக்கு வேண்டும்" என்று கை தூக்கலாம். விளைவு என்ன? அக்டோபர் மாதம் இரண்டு பேர் சமமாக ஆடினால், பறிபோகக்கூடியவர் மேலே தங்குவார், பறிபோகாத இளையவர் மார்லீஸுக்குப் போவார். ரசிகர்கள் "என் பையனை ஏன் அனுப்பினீர்கள்" என்று இங்கே வந்து அழுவார்கள். அதற்கும் திறமைக்கும் சம்பந்தம் இல்லை.

மொன்றியல் குமார் (சனி, மதியம் 1:05)

இதோடு டிராஃப்ட் எண்ணையும் சேருங்கள். முதல் சுற்றுக்காரன் மூன்று வருசம் தடுமாறினாலும் "அவனுக்கு இன்னும் நேரம் வேண்டும்" என்பார்கள். டிராஃப்டே ஆகாதவன் இரண்டு ஆட்டம் தடுமாறினால் பஸ் ஏற்றிவிடுவார்கள். தேர்வு செய்தவன் தன் தேர்வு பிழை என்று ஒத்துக்கொள்ளத் தயங்குகிறான், அவ்வளவுதான்.

ஸ்காபரோ சிவா (சனி, மாலை 4:20)

குமார் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஆனால் மார்லீஸில் எனக்குத் தெரிந்த டிராஃப்ட் ஆகாத பெடியங்கள் மூன்று பேர் நிலைத்துவிட்டார்களே.

ட்ரெவர் மோர்: 2018 கப் அணியில் இருந்தான், பிறகு லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் 2023-24இல் 31 கோல். மேசன் மார்ச்மென்ற்: அவனும் அதே அணி, அதற்கு முன் ஈசிஎச்எல்லில் ஒர்லாண்டோ. லீஃப்ஸ் அவனை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்தது, பிறகு டாலஸில் அடுத்தடுத்து இரண்டு சீசன் 22 கோல். பொபி மக்மான்: அவனும் ஈசிஎச்எல், விச்சிட்டா தண்டர். லீஃப்ஸில் நிலைக்கும்போது வயது 27. 2023-24இல் 15 கோல், 2024-25இல் 20.

மூன்று பேரும் மார்லீஸில் பெரிய நட்சத்திரங்கள் இல்லை. ரசிகர்கள் அவர்கள் பெயரை ஜேர்சியில் அடித்துக்கொண்டு திரியவில்லை. எல்லாரும் பிராக்கோவைத்தான் பார்த்தோம்.

பனிக்கட்டி பாலா (சனி, மாலை 5:10)

சிவா சார், நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள்.

இவர்கள் மூன்று பேரும் மேலே போனபோது முதலில் என்ன வேலைக்குப் போனார்கள்? நாலாவது லைன். எட்டு, ஒன்பது நிமிஷம். எதிரணி டிஃபென்ஸ்மேனை விரட்டிப் பிடிப்பது, அடி வாங்குவது, பெனால்டி நேரத்தில் ஷாட்டைத் தடுப்பது. அந்த வேலை அவர்களுக்குத் தெரியும். உள்ளே நுழைந்த பிறகு கையில் இருந்த வித்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினார்கள்.

வெர்ஹேகியும் அப்படித்தான். 2019-20இல் டாம்பாவில் கீழ் லைன்களில் 52 ஆட்டம், 9 கோல். அதன் பிறகு டாம்பா அவரை வேண்டாம் என்று விட்டது. ஃபுளோரிடா வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு எடுத்தது, அந்த லீக்கில் அது சில்லறை. அங்கே நட்சத்திரமான பார்கோவுக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டார். பாலாட்டும் இதே கதைதான்: கோல் வராத நாளிலும் அவரைக் களத்தில் வைத்திருக்கக் கூப்பருக்குக் காரணம் இருந்தது.

பிராக்கோவுக்குத் தெரிந்த வேலை பவர் பிளேயில் பக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு பாஸ் கொடுப்பது. 2019இல் லீஃப்ஸில் அந்த வேலைக்கு மார்னர் இருந்தார், நைலாண்டர் இருந்தார், டவாரெஸ் இருந்தார், மத்தியூஸ் இருந்தார். அந்த நாற்காலி காலியாகவே இல்லை. நாலாவது லைன் நாற்காலி காலியாக இருந்தது, அதில் உட்கார இவரால் முடியவில்லை. நான் இத்தனை வருஷம் "இவன் எவ்வளவு நல்லவன்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "இவனை எந்த வேலைக்கு எடுப்பார்கள்" என்று கேட்டிருந்தால் பாரே-பூலேயிலும் கோனாக்கரிலும் ஏமாந்திருக்க மாட்டேன்.

மொன்றியல் குமார் (சனி, மாலை 6:02)

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறீர்கள். பார்கோவின் பக்கத்தில் வேறு ஒருவனைப் போட்டிருந்தால்? வெர்ஹேகி இன்று சுவிஸில் ஆடிக்கொண்டிருப்பான், நாம் "அவனுக்கு மேலே ஆடும் அளவு காணாது" என்று காரணம் எழுதிக்கொண்டிருப்போம்.

மார்ச்சசோவைப் பாருங்கள். டிராஃப்ட் இல்லை. கனெக்டிகட், ஸ்பிரிங்ஃபீல்ட், சிரக்யூஸ் என்று ஏஎச்எல்லில் வருசக்கணக்காகக் கோல் போட்டான். அவன் நாலாவது லைன் ஆள் மாதிரியா இருக்கிறான்? குள்ளம், கோல் அடிக்கிற ஆள், உங்கள் நாற்காலிக் கணக்குப்படி கோனாக்கர் மாதிரித்தான். 2023இல் ஸ்டான்லி கப் தொடரின் சிறந்த வீரனுக்கான கோன் ஸ்மைத் விருதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மார்ற்றின் செயின்ற் லூயியை விடுங்கள், அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரவு முழுக்கப் போகும். கல்கரி வேண்டாம் என்று விட்ட ஆள், நாலே வருசத்தில் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது. இப்போது எங்கள் பயிற்சியாளர்.

பனிக்கட்டி பாலா (சனி, மாலை 6:15)

மார்ச்சசோவுக்கு என்னிடம் பதில் இல்லை.

நிலா, மார்க்கம் (சனி, இரவு 8:44)

எல்லாரும் ஏஎச்எல் பற்றிக் கதைக்கிறீர்கள், என் கேள்வி சின்னது. மகனுக்கு 12 வயது, இந்த வருசம் ட்ரிபிள் ஏ (உயர்மட்ட) அணியில் எடுத்திருக்கிறார்கள். "மைனர் ஹொக்கியில் இப்படி ஆடினால் கட்டாயம் மேலே போவான்" என்று ஒரு தனியார் பயிற்சியாளர் சொல்கிறார், தனி வகுப்புக்கும் கோடைகால முகாமுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்கிறார். அணிக் கட்டணம், ஐஸ் நேரம், ஸ்டிக், வெளியூர்ப் போட்டிக்கு ஹொட்டேல் எல்லாம் சேர்த்தால் ஏற்கெனவே பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. என் கணவர் நைற் சிஃப்ற் எடுக்கிறார். சொல்லுங்கள், சான்ஸ் இருக்கிறதா?

ரிங்க்காரன் (ஞாயிறு, அதிகாலை 1:58)

தங்கச்சி, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். மைனர் ஹொக்கி என்றால் பிள்ளைகள் ஆடுவது. மைனர் லீக் என்றால் ஏஎச்எல், ஈசிஎச்எல், அங்கே ஆடுகிறவன் ஏற்கெனவே சம்பளம் வாங்குகிற தொழில்காரன். இரண்டுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது. அந்தப் பயிற்சியாளர் அந்தக் கடலைச் சொல்லாமல் காசு கேட்கிறார்.

12 வயதில் யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன். மகன் எந்த மாதம் பிறந்தவன்?

நிலா, மார்க்கம் (ஞாயிறு, காலை 8:20)

பெப்ரவரி. ஏன் அண்ணை?

பனிக்கட்டி பாலா (ஞாயிறு, காலை 9:36)

அவர் தூங்கியிருப்பார், நான் சொல்கிறேன். மைனர் ஹாக்கியில் வயதைக் கணக்கிடுவது ஜனவரி 1இலிருந்து. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த பிள்ளை, டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வருஷம் பெரியவன், ஆனால் இரண்டு பேரும் ஒரே பிரிவு. பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு வருஷம் என்றால் இரண்டு, மூன்று அங்குலம் உயரம். பெரியவனை நல்ல அணிக்கு எடுப்பார்கள், நல்ல அணியில் ஐஸ் நேரம் அதிகம், அதனால் இன்னும் நன்றாக ஆடுவான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களிலேயே இதைக் காட்டிவிட்டார். உங்கள் மகன் உண்மையிலேயே நன்றாக ஆடக்கூடும். ஆனால் இப்போது தெரிவதில் கொஞ்சம் பிப்ரவரியும் இருக்கிறது.

இன்னும் ஒன்று. 15 வயதிலேயே ஒன்டாரியோ ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லில் ஆடலாம் என்று "விதிவிலக்கு" அந்தஸ்து கொடுப்பார்கள். ஓஎச்எல்லில் அது கிடைத்த முதல் சிலரைச் சொல்கிறேன்: டவாரெஸ், எக்ப்ளாட், மெக்டேவிட், ஷான் டே. முதல் மூன்று பேரும் டிராஃப்டில் முதலிடம். ஷான் டே 81ஆவது. என்எச்எல்லில் அவர் ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 15 வயதில் நிபுணர்கள் கூடி உட்கார்ந்து பொறுக்கி எடுத்தவருக்கே இந்த நிலை என்றால், 12 வயதில் "கட்டாயம்" என்று சொல்கிறவர் விற்பனை செய்கிறார்.

ரிங்க்காரன் (ஞாயிறு, மதியம் 12:40)

எழும்பிவிட்டேன். பாலா சொன்னது சரி.

ட்ரிபிள் ஏயில் ஆடட்டும், பிள்ளைக்கு விருப்பம் என்றால். தனி வகுப்பை இந்த வருசம் விட்டுவிடுங்கள். கோடையில் ஸ்டிக்கை வைத்துவிட்டுக் கூடைப்பந்தோ உதைபந்தோ ஆடட்டும். ஓஎச்எல் தேர்வு வரும்போது பதினாறு வயதுப் பிரிவில் எப்படி ஆடுகிறான் என்று பார்க்கலாம். இப்போது ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் ஓஎச்எல்லில் ஒரு ஆட்டம் ஆடினாலே அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு அடைபட்டுவிடும். 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை இல்லை. 15 வயதில் ஒரு பாதையைத் தெரிவு செய்து மற்றதைத் தொலைக்கிற தலையிடி போய்விட்டது.

பிறகு ஒன்று, பயிற்சி முடிந்து வரும்போது காரில் ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

நிலா, மார்க்கம் (ஞாயிறு, மதியம் 1:15)

நன்றி அண்ணை. இவரிடம் இதைக் காட்டிவிட்டேன். கார்க் கேள்வி அவருக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

மொன்றியல் குமார் (ஞாயிறு, மாலை 3:30)

ஒருவரும் கோலிகளைப் பற்றி எழுதவில்லையே? மேலே 32 அணி, அணிக்கு இரண்டு கோலி, மொத்தம் 64 இடம்தான். ஜோர்டன் பின்னிங்டன் ரிச்மண்ட் ஹில் பெடியன். ஈசிஎச்எல்லில் கலமசூ, பிறகு ஏஎச்எல். 2017-18இல் சொந்தக் கிளப்புக்கே அவனை வைக்க இடமில்லாமல் பொஸ்டனின் ப்ராவிடன்ஸ் அணிக்கு இரவல் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் முதல் தடவை தொடக்கத்திலிருந்து ஆடவிட்டார்கள், ஒரு கோலும் விடவில்லை. ஜூனில் ஸ்டான்லி கப். எங்கள் டோபெஷ் ஐந்தாம் சுற்று, 2024 டிசம்பரில் லவாலிலிருந்து கூப்பிட்டார்கள், முதல் ஆட்டத்திலேயே ஃபுளோரிடாவை 4-0. கோலியை எடை போடுவது வானிலை அறிக்கை மாதிரி.

ஸ்காபரோ சிவா (ஞாயிறு, இரவு 9:05)

கோலியை நான் தொடமாட்டேன், ஒரு பந்தயமே போதும்.

கோவனுக்கு வருகிறேன். 2023இல் 28ஆவது தேர்வு. ஓஎச்எல் அணியான லண்டன் நைற்ஸோடு 2025இல் கனடிய ஜூனியர் கோப்பையான மெமோரியல் கப், அதில் சிறந்த வீரனும் அவன்தான். இவ்வளவு நாளும் மார்லீஸில் ஆடாதது திறமைக் குறைவால் இல்லை, 20 வயதாகாத சிஎச்எல் (கனடிய ஜூனியர் லீக்குகள்) பெடியனை ஏஎச்எல்லுக்கு அனுப்ப முடியாது என்ற அப்போதைய விதியால். 2025 மே மாதம் அவனுக்கு 20 ஆகிவிட்டது.

பாலாவின் கேள்வியை அவனிடம் கேட்டுப் பார்த்தேன்: எந்த வேலைக்கு எடுப்பார்கள்? பெனால்டி நேரத்தில் ஆடுவான், பக்கை விரட்டிப் பறிப்பான், தன்னைவிடப் பெரியவனோடு முட்டுவான். நாலாவது லைனில் உட்கார முடியும். மார்னரும் போய்விட்டான், மேலேயும் ஒரு நாற்காலி காலி. ஆனால் வெய்வர்ஸ் இல்லாமல் கீழே அனுப்பலாம், ஆகவே ஒக்ரோபரில் அனுப்புவார்கள். என் கணக்கு: கிறிஸ்மஸ் வரைக்கும் கூடுதலான நாள் கொலிசியத்தில்தான்.

அதோடு நிக் ரொபர்ட்சனும் ஞாபகம் வருகிறான். ஓஎச்எல்லில் 46 ஆட்டத்தில் 55 கோல் போட்ட பெடியன். ஐந்து வருசத்துக்குப் பிறகும் இன்றைக்கு ஆடுவானா அரங்கின் மேல்தட்டில் இருந்து பார்ப்பானா என்று ஆட்டத்தன்று காலைவரை தெரியாது. ஜூனியர் எண்ணைப் பார்த்து இன்னொரு தரம் சூடுபட நான் தயாரில்லை. கோவனில் எனக்குப் பாதி நம்பிக்கை, பாதிப் பயம்.

ரிங்க்காரன் (திங்கள், அதிகாலை 2:10)

கோவன் திரும்பிப் பார்க்கிறான். இரண்டு தரம்.

உண்மையான மச்சான் (திங்கள், காலை 7:02) [முதல் பதிவு]

டேய் சிவா, தங்கச்சிதான் இந்த இணைப்பை அனுப்பினாள். மூன்று நாளாக என்னைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

இரண்டு திருத்தம். ஒன்று, பிராக்கோவுக்காக நீ போட்ட பந்தயம் கொத்துரொட்டி மட்டுமில்லை, மட்டன் ரோல்ஸும் சேர்த்து. அது இன்னும் வரவில்லை. இரண்டு, அந்த வருசம் பிராக்கோ "கொடுக்கமாட்டான்" என்று நான் சொன்னதற்கு ஒரு காரணமும் இல்லை. நீ ஒன்றைச் சொன்னால் நான் மற்றதைச் சொல்வது வழக்கம், அவ்வளவுதான்.

கோவன் கிறிஸ்மஸுக்கு முன் லீஃப்ஸில் 20 ஆட்டம் ஆடுவான். ரோல்ஸ் இரண்டு டசின். இங்கேயே எழுது, எல்லாரும் சாட்சி.

ஸ்காபரோ சிவா (திங்கள், காலை 7:40)

15 ஆட்டம் என்றால் சரி.

உண்மையான மச்சான் (திங்கள், காலை 7:41)

18.